அம்மாவின் இருவர் அணி

அம்மா முதல் ஆளைச் சுட்டு வீழ்த்தியபோது நான் அடுத்த அறையில் பருவத் தேர்வுக்காக யாப்பிலக்கணம் படித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி விளையாட்டில்தான் சுட்டாள். "ஐயையோ, விழுந்துட்டான் தாயி! நானா சுட்டேன்? நானா?" என்று ஒரு கூச்சல்; அதைத் தொடர்ந்து நீண்ட சிரிப்பு. கூச்சலைவிட அந்தச் சிரிப்புதான் என்னை எழுந்திருக்க வைத்தது. மூச்சு முட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா சிரிப்பதை நான் அதுவரை கேட்டதில்லை.

கதவருகே போய்ப் பார்த்தேன். கூடத்துப் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் தரையில் அம்மா காலை நீட்டி அமர்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன சேலையைக்கூட மாற்றியிருக்கவில்லை. அவள் தோளோடு தோள் ஒட்டி மதினி அமர்ந்திருந்தாள். இருவர் கையிலும் கைப்பேசி. இருவர் முகத்திலும் அதன் வெளிச்சம். நான் நிற்பதை இருவருமே கவனிக்கவில்லை.

மதினி என் அண்ணனின் மனைவி. போன ஆண்டு மழைக்காலத்தில் திருமணமாகிச் சிவகங்கையிலிருந்து காரைக்குடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் விடுப்பு முடிந்து வளைகுடாவுக்குத் திரும்பிவிட்டான். விசா வரும்வரை அவள் எங்களோடு இருப்பதாக ஏற்பாடு. முதலில் அண்ணனும் அவளும்தான் அந்த விளையாட்டை ஆடினார்கள். அவன் அங்கிருந்தும் இவள் இங்கிருந்தும் ஒரே தீவில் இறங்கி, ஒரே வீட்டுக்குள் ஒளிந்து, சேர்ந்து ஆட்களைச் சுடுவார்கள். புதிதாக மணமானவர்கள் தனித்திருக்க அவர்களுக்கு அந்தத் தீவுதான் வாய்த்தது போலும் என்று எண்ணி நான் விலகியே இருந்தேன். பிறகு அண்ணனின் வேலை நேரம் மாறியது. இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தில் ஓர் இடம் காலியானது.

அம்மா அதட்டத்தான் போனாள். அதை நானே கேட்டேன்.

"என்ன தாயி, எந்நேரமும் டப்பு டப்புன்னு? காது வலிக்குது."

"கொஞ்சம் இருங்கத்தை. ஒருத்தன் மரத்துக்குப் பின்னாடி நிக்கிறான்."

"எந்த மரத்துக்கு?"

அந்தக் கேள்வியோடு அம்மா தரையில் அமர்ந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் அமர்ந்தாள்.

ஆட்டத்தின் விதி எளிது. விமானத்திலிருந்து ஏராளமானோர் வான்குடையில் ஒரு தீவில் குதிப்பார்கள். ஆளில்லாத வீடுகளில் கிடக்கும் துப்பாக்கியையும் தலைக்கவசத்தையும் மருந்துப் பெட்டியையும் பொறுக்கிக்கொண்டு ஒருவரையொருவர் கொல்லத் தொடங்குவார்கள். தீவைச் சுற்றி ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்துக்கு வெளியே நிற்பவருக்கு உயிர் குறையும். கடைசியில் எஞ்சும் அணிக்கு வெற்றி. குண்டு பட்டதும் எவரும் உடனே சாவதில்லை. மண்டியிட்டுத் தவழ்வார். கூட்டாளி அருகில் வந்து சில நொடிகள் தொட்டுக்கொண்டிருந்தால் எழுந்துவிடலாம். வராவிட்டால் அவ்வளவுதான்.

நான்கு பேர் அணியும் உண்டு. அதில் முன்பின் தெரியாத பையன்கள் வந்து சேர்ந்து கெட்ட வார்த்தை பேசியதால், ஐந்தாம் வகுப்பு ஆசிரியையான அம்மா முதல் நாளே அதை விலக்கிவிட்டாள். "வாயக் கழுவாத பயலுகளோட நா சண்டைக்குப் போறதில்ல" என்றாள். எனவே இருவர் அணி மட்டும். தன் ஆளுக்கு உடை தேர்ந்தெடுக்கும்போதும் அம்மா ஆசிரியையாகவே இருந்தாள். கையில்லாத சட்டைகள் எல்லாம் நிராகரிக்கப்பட்டன. முழுக்கைச் சட்டையும் கணுக்கால்வரை கால்சட்டையும் அணிந்த ஒரு பெண், கையில் இயந்திரத் துப்பாக்கியோடு தீவில் ஓடினாள். யாரையேனும் கொன்றால் அம்மா, "அந்த ஆத்துமா இளைப்பாறட்டும்" என்று முணுமுணுப்பாள். முணுமுணுத்த வாயாலேயே, "அவன் பைய பாரு தாயி, நல்ல ஹெல்மெட் இருக்கான்னு" என்பாள்.

"அத்தை, எங்குட்டு ஓடுறீக? வட்டம் இங்குட்டு இருக்கு!"

"அங்குட்டு ஒரு வண்டி நிக்கிதுடி."

"அது ஆளிழுக்க நிப்பாட்டி வச்சிருக்காய்ங்க, போகாதீக!"

"போயிட்டேனே."

வெடிச்சத்தம். சிரிப்பு. சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன்.

'தாயி' என்று அம்மா என்னைத்தான் அழைப்பாள். காய்ச்சலில் கிடந்தபோதும், மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவந்து காட்டியபோதும். நான் கல்லூரிக்குப் போன பிறகு அந்தச் சொல் குறைந்தது. அது குறைந்ததை நான் அறிந்திருந்தேன். வேறொருத்திக்குப் போகும் என்று அறிந்திருக்கவில்லை. நான் பேச்சுக் குறைந்தவள். என் கருத்தரங்கக் கட்டுரையைப் பற்றி அம்மாவிடம் சொல்லத் தொடங்கினால், அவள் மாணவர்களின் பயிற்சி ஏடுகளைத் திருத்தியபடி "ம்" என்பாள். நான்கு வாக்கியத்துக்குப் பிறகு, "நீ நல்லாத்தான் எழுதியிருப்ப, பாப்பா" என்பாள். அது பாராட்டு என்றே வெகுநாள் நம்பியிருந்தேன். கவலை தராத பிள்ளையின் பக்கம் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது மதினி வந்த பிறகுதான் விளங்கியது. மதினிக்கு ரசம் வைக்கத் தெரியாது, வாய் ஓயாது, எதற்கெடுத்தாலும் கண் கலங்கும். அம்மாவுக்கு அவளிடம் செய்ய நிறைய இருந்தது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கூடத்துக்கு வந்து கேட்டேன்: "ஆளக் கொல்றதுல என்னம்மா இவ்வளவு சிரிப்பு?"

அம்மாவின் முகம் உடனே மாறியது. வகுப்பில் சத்தம் போட்டுத் தலைமையாசிரியரிடம் அகப்பட்ட பிள்ளையின் முகம். "அடடா, படிக்கிறியா? நாங்க சத்தத்தக் கொறச்சுக்கிறோம்" என்றாள். பிறகு எழுந்து வந்து, மிகுந்த அக்கறையோடு, என் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். சாத்திய கதவுக்கு அப்பால் மதினி ரகசியக் குரலில் ஏதோ சொல்ல, அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

மாலை ஆறு மணிக்கு மாதா கோயில் மணி அடிக்கும். எங்கள் வீட்டில் எந்த வேலையிலிருந்தாலும் எழுந்து நின்று மூவேளைச் செபம் சொல்வது வழக்கம். ஆட்டம் அதற்காக நிற்காது. அதற்கு மதினி ஒரு வழி கண்டிருந்தாள். ஆறு மணி நெருங்கினால், "அத்தை, மணி அடிக்கப் போகுது, மாடிக்கு வாங்க" என்று அம்மாவின் ஆளை ஏதேனும் ஒரு வீட்டின் மாடிக் குளியலறைக்குள் கூட்டிப்போய் மூலையில் குந்தவைத்துவிடுவாள். அம்மா கைப்பேசியைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நிற்பாள். மதினி நின்றபடியே, உதட்டால் செபமும் விரலால் காவலுமாக, குளியலறை வாசலில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருப்பாள். சிறு வயதிலிருந்து முதல் பாதியைச் சொல்பவள் நான், மறுமொழி சொல்பவள் அம்மா. அந்த நேரமாவது அம்மா என்னோடு இருக்கிறாள் என்று எண்ணிக்கொள்வேன். ஆனால் என் கண் மதினியின் கைப்பேசித் திரைக்கே போகும். முழுக்கைச் சட்டை அணிந்த என் அம்மா அங்கே ஒரு மூலையில் குந்தியிருப்பாள். அவளை எவனும் நெருங்காதபடி இன்னொருத்தி காத்து நிற்பாள். மகள் செய்யவேண்டிய காரியம் அது என்று செபத்தின் நடுவே எனக்குத் தோன்றும்.

நான் படிக்கும் இலக்கியத்தில் ஊடலுக்குத் தனியிடம் உண்டு. யார் ஊடலாம், எதன்பொருட்டு ஊடலாம், யார் தூது போய்த் தீர்க்கலாம் என்பதெல்லாம் வகுக்கப்பட்டிருக்கிறது. தலைவி ஊடலாம். தாயிடம் மகள் ஊட ஒரு துறை இல்லை. மருமகளோடு அம்மா சண்டையிட்டால் ஊர் புரிந்துகொள்ளும். அவர்கள் ஒற்றுமையாக இருப்பதால் மகள் வாடுகிறாள் என்றால் யாரிடம் சொல்வது? தெருவில் எல்லோரும் பாராட்டினார்கள். "ஒங்க வீட்டு மாமியா மருமக மாதிரி எங்கயும் பாக்கல" என்று எதிர்வீட்டு அத்தை என்னிடமே சொன்னாள். நானும் ஆமாம் என்று தலையசைத்தேன்.

அந்த விளையாட்டை என் கைப்பேசியிலும் இறக்கிக்கொண்டேன். வீட்டில் தொடவில்லை. கல்லூரியில் வகுப்புகளுக்கு இடைவெளியில், நூலகத்துக்குப் பின்னால் இருந்த சிமென்ட் மேடையில் ஆடினேன். முதலில் குதித்த கணமே செத்தேன். பிறகு பாடம் படிப்பதுபோல் அதைப் படித்தேன். எந்த வீட்டுக்கு எத்தனை வாசல், காலடி ஓசை எந்தக் காதில் விழுந்தால் ஆள் எந்தப் பக்கம், மேட்டில் நிற்பவனைச் சுட எவ்வளவு தூக்கிக் குறிவைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக மனத்தில் பதித்துக்கொண்டேன். அம்மாவும் மதினியும் ஆடிய ஆட்டம் ஓட்டமும் கூச்சலுமானது. எனக்கு வாய்த்தது வேறு. கூரைமேல் படுத்துத் தொலைநோக்கி பொருத்திய நீளத் துப்பாக்கியோடு அசையாமல் காத்திருப்பேன். எவனாவது ஓர் ஆள் தண்ணீர் குடிப்பதுபோல் ஒரு கணம் நிற்பான். அந்தக் கணம் போதும். தலையில் பட்டதும் அவன் பக்கவாட்டில் சரிவான். உடன் படிப்பவள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏய், ஒனக்குள்ள இப்பிடி ஒருத்தி இருக்காளா? இனிமே ஒங்கிட்ட புத்தகத்தக் கேக்கவே பயமா இருக்கு" என்றாள். விழுந்தவர்களுக்கெல்லாம் முகம் ஒன்றாகவே இருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை. சிவகங்கையிலிருந்து வந்த முகம்.

தவக்காலம் வந்தது. திருநீற்றுப் புதனுக்கு முந்தைய நாள் உணவின்போது, அந்த நாற்பது நாளைக்கு யார் எதைத் துறப்பது என்று எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் சொல்வோம். ஒறுத்தல் என்று அதற்குப் பெயர். அப்பா வெற்றிலையை விடுவதாகச் சொன்னார். நான் காபியை. மதினி ஐஸ்கிரீமை. அம்மா சோற்றைப் பிசைந்தபடி, "நா அந்த வெளையாட்ட விடுறேன்" என்றாள்.

மதினியின் கை அப்படியே நின்றது. "நாப்பது நாளுமா அத்தை?"

"ஆண்டவரு நாப்பது நாளு சோறு தண்ணி இல்லாம இருந்தாரு. என்னால இது முடியாதா?"

"அவருக்கு ரேங்க் எறங்காது அத்தை."

அப்பாவுக்குப் புரையேறியது. அம்மா கண்டிப்பாகப் பார்க்க முயன்று தோற்றாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. நாற்பது மாலைகள் எனக்குக் கிடைத்துவிட்டன என்று உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தேன்.

கிடைக்கவில்லை. மாலையானதும் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துவைத்த துணியை மறுபடி மடித்தாள், மடித்ததை அடுக்கினாள். நான் பக்கத்தில் போய் அமர்ந்து, "இன்னைக்கு வகுப்புல ஒரு பேச்சு வந்துச்சும்மா" என்று தொடங்கினேன். "சொல்லு" என்றாள். சொன்னேன். பாதியில் மதினி மொச்சைக்காயை எடுத்துக்கொண்டு உரிக்க வந்தாள். அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஏ தாயி, அந்தப் பாலத்துல ஒருத்தன் வண்டியோட தண்ணிக்குள்ள விழுந்தானே, ஞாபகம் இருக்கா?" என்றாள். அவ்வளவுதான். இருவரும் மொச்சையை உரித்தபடி பழைய சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார்கள். அம்மா துறந்தது விளையாட்டை மட்டும்; அதன் நினைவு அவர்களுக்குள் அப்படியே இருந்தது. அதில் எனக்கு ஒரு வீடுகூட, ஒரு மரம்கூட இல்லை.

மறுநாள் மதினியிடம், "உங்களோட நான் ஆடவா, மதினி?" என்று கேட்டேன்.

மதினி நிமிர்ந்து பார்த்தாள். "நீயா பாப்பா? நெசமாவா?"

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள். "இவளா? இவ எறும்ப மிதிச்சாலே ரெண்டு நாளு யோசிப்பாளே!"

அந்த முதல் ஆட்டத்தை அம்மா தூணருகே நின்று, பார்க்காததுபோல் பார்த்தாள். பார்ப்பது ஒறுத்தலுக்கு விரோதமாகுமோ என்ற ஐயம் அவளுக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை முடிந்ததும் பங்குச் சாமியாரிடமே கேட்டாள். "சாமி, நா வெளையாட்ட விட்டுட்டேன். பிள்ளைக வெளையாடுறத பக்கத்துல இருந்து பாக்கலாமா?" கேரம் பலகை என்று எண்ணிக்கொண்ட அவர், "தாராளமாப் பாருங்க டீச்சர், பிள்ளைங்களோட இருக்கிறது நல்லதுதானே" என்றார். அம்மா திருத்தவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வேகமாக நடந்தாள்.

அன்றிலிருந்து அம்மா எனக்குப் பின்னால் அமர்ந்தாள். நான் புதியவள், சொல்லித்தரவேண்டியவள் என்பது அவள் சொன்ன காரணம். அவள் முழங்கால் என் முதுகில் பட்டது. என் தோளுக்கு மேலே அவள் முகம். சாக்கட்டித் தூளின் வாசனை, சட்னிக்குத் தாளித்த கடுகின் வாசனை. "குனி, குனி. சன்னலப் பாரு. ஏ கழுத, குண்டு தீந்துபோச்சு, மாத்து!" என்று என் காதருகே அவள் குரல் ஓயாமல் ஒலித்தது. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அம்மா என்னைத் திட்டினாள்.

நான் திறமையைக் காட்டியிருந்தால் இரண்டே நாளில், "நீ பாத்துக்குவ, பாப்பா" என்று எழுந்துபோயிருப்பாள். எனவே நான் தடுமாறினேன். கதவைத் திறக்கத் தெரியாமல் சுவரில் முட்டினேன். மருந்துப் பெட்டியை விட்டுவிட்டு வாணலியை எடுத்தேன். எதிரி கண்முன்னே நிற்க, வானத்தைச் சுட்டேன். "ஆண்டவரே, இவளுக்கு எப்பத்தான் வரும்!" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள், பின்பு என் விரலின் மேல் தன் விரலை வைத்து, தொட்டால் ஒறுத்தல் முறிந்துவிடுமே என்று சட்டென எடுத்துக்கொள்வாள். அந்த ஒரு கணத் தொடுகைக்காக நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சாகத் தயாராக இருந்தேன்.

மதினிதான் என்னால் தோற்றுக்கொண்டே இருந்தாள். அவள் பேச்சு குறைந்துகொண்டு வந்ததை நான் கவனித்தேன். மகிழ்ந்தேன் என்பதும் உண்மை. அம்மா எனக்குப் பின்னால் இருந்ததால் மதினியின் திரை அவள் கண்ணுக்கு எட்டவில்லை. மதினி நன்றாகச் சுட்டபோதெல்லாம், "அத்தை, பாத்தீகளா?" என்பாள். "பாத்தேன், பாத்தேன்" என்று அம்மா என் திரையைப் பார்த்தபடியே சொல்வாள்.

ஒரு மாலை பால் பொங்கும் வாசனை வர, அம்மா அடுப்படிக்கு ஓடினாள். அந்த இடைவெளியில் மலைச்சரிவிலிருந்து இருவர் எங்களைச் சுடத் தொடங்கினார்கள். தோற்றால் ஆட்டம் முடிந்துவிடும், அம்மா திரும்பி வந்து அமரமாட்டாள் என்று நினைத்தேன். துப்பாக்கியை மாற்றினேன். ஒரு குண்டு, ஒருவன். மறு குண்டு, மற்றவன். அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது நான் மறுபடி ஒரு சுவரில் முட்டிக்கொண்டிருந்தேன். மதினி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு வந்தது. பிரியாணி சாப்பிட்டுவிட்டு அப்பா உறங்கப் போனார். அம்மா கையைக் கழுவி, கைப்பேசியை மின்னூட்டியிலிருந்து உருவிக்கொண்டு கூடத்தின் நடுவே வந்து நின்றாள். மதினி தரையில் அமர்ந்திருந்தாள். நான் தூணில் சாய்ந்திருந்தேன். இருவர் கையிலும் கைப்பேசி இருந்தது. இருவருமே திரையைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்தோம். அவள் யாரைக் கூப்பிடப்போகிறாள் என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் அன்று பொருட்டில்லை.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூணு பேருமா போவோம்" என்றாள். "நாலு பேரு அணியில ஒரு எடம் சும்மா கெடக்கட்டும். வெளிப் பயலுகளச் சேக்காத."

ஒருத்தியைத்தான் அழைக்க வேண்டும் என்று காத்திருந்த எனக்கு அது நீதியாகத் தெரியவில்லை. தப்பித்துக்கொண்டதாகவே தெரிந்தது.

ஆட்டம் நன்றாகவே போனது. வட்டம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒரு வயலும் இரண்டு ஓட்டு வீடுகளும் எஞ்சின. எங்களைத் தவிர ஓர் அணிதான் மிச்சம். நாற்பது நாள் பசியோடிருந்த அம்மாவுக்கு நிதானம் இல்லை. வயல் நடுவே கிடந்த ஒரு பெட்டியைக் கண்டதும், "அது எனக்கு!" என்று ஓடினாள். வரப்பைத் தாண்டும் முன்பே குண்டு பட்டது. மண்டியிட்டுத் தவழ்ந்தாள்.

"விழுந்துட்டேன்டி! யாராச்சும் வாங்க!"

நான் கிழக்கு வீட்டிலிருந்து ஓடினேன். மதினி மேற்கு வீட்டிலிருந்து ஓடினாள். இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்ந்தோம். என் விரல் முதலில் பட்டது. ஒருத்தி எழுப்பும்போது மற்றவள் எழுப்ப முடியாது.

"நீ விடு பாப்பா, நா எழுப்புறேன். நீ திரும்பி நின்னு சுடு."

"நீங்க சுடுங்க மதினி. நாந்தான் மொதல்ல வந்தேன்."

"ஒனக்குத்தான் தூரத்துல சுட வரும். எந்திரி! வர்றாய்ங்க!"

"எங்கம்மா, மதினி."

மதினி எழுந்து போகவில்லை. துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடி அம்மாவின் மறுபக்கத்தில் குந்தியே இருந்தாள். நானும் விரலை எடுக்கவில்லை. எதிரிகள் ஒளியவேண்டிய தேவைகூட இல்லாமல் நிமிர்ந்து நடந்து வந்தார்கள். முதலில் மதினி சரிந்தாள். பிறகு நான். அம்மா எழுந்து நிற்க ஒரு நொடியே குறைவாக இருந்தது.

"ஏன்டி!" என்றாள் அம்மா. வகுப்புக் குரல். "ரெண்டு பேரும் என் தலமாட்டுல வந்து ஒக்காந்துட்டா யாருடி சுடுறது? இதென்ன எழவு வீடா?" என்னைப் பார்த்தாள். "நாப்பது நாளாச் சொல்லித் தந்தேன். ஒருத்தனச் சுட வரலையா ஒனக்கு?"

"வரும் அத்தை" என்றாள் மதினி. கைப்பேசியைத் தரையில் வைத்துவிட்டாள். "என்னையவிட, ஒங்களையவிட நல்லா வரும். நீங்க பாலப் பாக்கப் போனப்ப மலமேல நின்ன ரெண்டு பேர ரெண்டே குண்டுல அடிச்சா. நீங்க வந்ததும் செவத்துல போய் முட்டுனா."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நெசமாவா? எதுக்குடி?"

நான் தரைக் கல்லில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதினி சொன்னாள். எனக்காக அல்ல. "நாப்பது நாளும் அவ முதுகுக்குப் பின்னாடியே ஒக்காந்திருந்தீக. நா ஒத்தையா சுட்டுக்கிட்டுக் கெடந்தேன். ஒருநா எம் பக்கத்துல வந்து ஒக்காந்தீகளா அத்தை? அவுகளும் அங்க கெடக்காக. இங்க எனக்கு வேற யாரு இருக்கா?"

அவள் கண் கலங்குவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றுதான் காரணம் நானாக இருந்தேன். பரிதாபம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது வேறு: என் மாலைகளை ஒருத்தி எண்ணி எண்ணிப் பொருமியிருக்கிறாள், அவை அவ்வளவு மதிப்புள்ளவையாக இருந்திருக்கின்றன என்ற நிறைவு. பரிதாபம் அதன் பின்னால் தாமதமாக வந்து நின்றது.

அம்மா இருவரையும் பார்த்தாள். சண்டையிடும் மாணவர்களை இடம் மாற்றி அமர்த்துவது அவளுக்குத் தெரியும். இருவரும் தனக்காகச் சண்டையிடுகிறார்கள் என்ற நிலையில் என்ன செய்வதென்று தெரியவில்லை. முகம் சிவந்திருந்தது. கடைசியில் சேலையைச் செருகிக்கொண்டு எங்களுக்கு நடுவே தரையில் அமர்ந்தாள்.

"இன்னொரு ஆட்டம்" என்றாள். "தாயி, கண்ணத் தொட. நீ எங்கூடவே வா, எனக்கு வழி தெரியாது. பாப்பா, நீ கூர மேல ஏறிக்க. ஒனக்குத்தான் அவ்வளவு நல்லா வருமாமே. நீ அங்குட்டு இருந்து எங்களப் பாத்துக்க."

நீ பாத்துக்குவ என்பதை அவள் ஏவலாக மாற்றிவிட்டாள். மறுக்க எனக்கு வழியில்லை. என் திறமை வெளிப்பட்டுவிட்டது. தீவில் இறங்கியதும் உயரமான ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏறிப் படுத்தேன். துப்பாக்கியின் தொலைநோக்கியில் கண் வைத்தேன். என் வலது தோளில் அம்மாவின் தோள் இடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மதினியின் தோளும் அவளை அப்படியே இடித்துக்கொண்டிருக்கும். கண்ணாடிக்குள் இருவரும் வெகுதொலைவில், விரல் நுனி அளவு இருந்தார்கள். முழுக்கைச் சட்டைக்காரி முன்னே ஓட, மற்றவள் அரையடி பின்னால், ஒருபோதும் பிரியாமல் ஓடினாள். வேலிக்குப் பின்னாலிருந்து ஒருவன் தலைதூக்கி அம்மாவைக் குறிவைத்தான். அவன் குறியை முடிக்கும் முன்பே வீழ்த்தினேன்.

அடுத்தவன் மதினியைக் குறிவைத்தான். அவனையும் சுட்டேன். கொஞ்சம் தாமதித்து.